எடைமேடைக்காரன் பார்வையில் ராபிட்எம்க்யூ

காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். புரோகிராம்களுக்கு நடுவில் செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் ராபிட்எம்க்யூவுக்கு நாங்கள் ஒரு சென் கூடக் கொடுத்ததில்லை, உண்மைதான். ஆனால் எங்கள் எடைமேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு லோரிக்கும் உரிய ரசீது அதன் வழியாகத்தான் போகிறது. அது நின்றுபோனால் திட்டு வாங்குபவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான 1948 அவசரகாலத்தையும், இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தனையும்தான் பேசுவார்கள். அப்பா காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. லிந்தாங், ஜாலோங், லாசா பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களிடம் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் தவுக்கே (முதலாளி) ஒருவரிடம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு. பிரிண்டருக்கு மை மாற்றுவதும் அதில் சேர்த்தி.

இந்தத் தொழிலில் லோரியைக் காக்கவைக்க முடியாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போனால் நல்லது. தாமதமானால் பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். லோரி பாரத்தோடு மேடையில் ஏறும், குலையைக் கொட்டும், வெறும் வண்டியாக மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராணி (குமாஸ்தா) அக்கா பிரவுசரில் ஒரு பக்கத்தில் பதிவார். காய்க்குலைக்குக் கழிவு போடுவார். அன்றைய விலையும் எண்ணெய் விகிதமும் போட்டதும் தொகை வந்துவிடும்.

பழைய ஏற்பாட்டில் தொல்லை அதற்கப்புறம்தான். தோட்டக்காரருக்கு வாட்ஸ்அப் ரசீது, ஈப்போவில் உள்ள கணக்காளருக்கு ஒரு நகல், எங்கள் தவுக்கேவின் வியாபார அளவுக்கு 2025 ஜூலையில் கட்டாயமாகிவிட்ட, வரி இலாகாவுக்குப் போகும் இ-இன்வாய்ஸ் என மூன்றையும் அந்த ஒரே பக்கம் நின்று அனுப்பிவிட்டுத்தான் அக்காவுக்குப் பதில் சொல்லும். மத்தியானத்தில் இடியோடு மழை வந்து லைன் படுத்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்கிற லோரி ஹார்ன் அடிக்கும்.

நடுவில் ஒரு வரிசை வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. பக்கம் எடையைப் பதிகிறது, மூன்று செய்திகளை வரிசையில் போடுகிறது, "சரி" என்று அக்காவிடம் திரும்பிவிடுகிறது. பின்னால் ஓடும் சின்ன புரோகிராம்கள் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். லைன் இல்லையென்றால் செய்தி அங்கேயே காத்திருக்கும். இந்த நடுவில் உள்ள வேலையைத்தான் ராபிட்எம்க்யூ பார்க்கிறது. 2007-இல் வெளிவந்தது, தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் மொழியில் எழுதியது. இப்போது பிராட்காம் கையில் இருந்தாலும் திறந்த மூலம்தான், இலவசம்தான்.

எனக்கு முன் இந்த வேலையை எடுத்திருந்தவர் பாதியில் விட்டுப் போயிருந்தார். ஆல்மாலினக்ஸ் 9 (லினக்ஸில் ஒரு வகை) போட்ட சின்னப் பெட்டி, அதிலேயே வெப் சர்வரான அப்பாச்சி, பக்கத்தின் ஸ்கிரிப்டை ஓட்டும் பிஎச்பி, ராபிட் எல்லாம். டெர்மினலில் ஸ்கிரிப்டை ஓட்டினால் செய்தி வரிசைக்குப் போகிறது. அதே ஸ்கிரிப்ட் பிரவுசர் வழியாக ஓடினால் போகவில்லை. பிழை வந்தால் விழுங்கிவிட்டு "பதிவானது" என்று பச்சை நிறத்தில் காட்டும்படி வேறு எழுதி வைத்திருந்தார்.

அக்கா போன் போட்டார். "தம்பி, எடையெல்லாம் ஏறுது. ரசீதுதான் ஒருத்தருக்கும் போகலையாம். லோரிக்காரவங்க என்னையப் புடிச்சுக்கிறாங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

இங்கேதான் இந்தச் சரக்கின் குணம் தெரிந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலையாக அந்தப் பச்சைச் செய்தியை எடுத்துவிட்டு உண்மையான பிழையை வெளியே வரவைத்தேன். "பெர்மிஷன் டினைட்" என்று இருந்தது. பார்த்ததும் ராபிட்டின் யூசர், பாஸ்வேர்ட் பக்கம்தான் கை போகும். ஆனால் அது இணைப்பைத் திறக்கும் இடத்திலேயே விழுந்த பிழை. யூசர் பெயர் சொல்லும் கட்டமே இன்னும் வரவில்லை. இந்த இடத்தில் வரக்கூடிய பிழைகளைக் கலந்துகட்டிப் பார்க்கக்கூடாது. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் (மெஷினின் எண்ணிட்ட கதவு) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "டைம்ட் அவுட்" என்றால் வழியில் எதுவோ சத்தமில்லாமல் முழுங்குகிறது. "பெர்மிஷன் டினைட்" என்றால் நம் மெஷினே நம் ஸ்கிரிப்டைத் தடுக்கிறது.

அதை உறுதிசெய்ய ராபிட்டின் லாக் போதும். யாராவது வந்து கதவைத் தட்டினால் அது ஒரு வரி எழுதும். உள்ளே விட்டாலும் எழுதும், விரட்டினாலும் எழுதும். பிரவுசரிலிருந்து முயற்சி செய்த நேரத்துக்கு லாக்கில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போகக் கிளம்பிய பையனை நம் வாசல் காவலாளி ஜாகாவே மடக்கி உட்காரவைத்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கு அவன் வந்த சங்கதியே தெரியாதல்லவா? அதேதான். ஜாகாவின் பெயர் எஸ்இலினக்ஸ், எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று லினக்ஸில் காவல் பார்ப்பது.

டெர்மினலில் நான் ஓட்டும்போது எனக்குக் கட்டுப்பாடு கிடையாது. அதையே வெப் பக்கங்களுக்காக பிஎச்பியை ஓட்டும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம் ஓட்டும்போது அது வெப் சர்வருக்கு என்று போட்ட வேலிக்குள் நிற்கிறது. வெப் சர்வர் தன் இஷ்டத்துக்கு வேறு போர்ட்டுகளுக்கு இணைப்புப் போடக்கூடாது என்பதுதான் அந்த வேலியின் இயல்பான நிலை. ராபிட் அதே பெட்டியில் இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆடிட் லாக்கைத் திறந்தால் ராபிட்டின் 5672 போர்ட்டுக்குப் போகப் பார்த்த பிஎச்பியைத் தடுத்ததாகத் தெளிவாக எழுதியிருந்தது. இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு: எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட். அதை ஆன் செய்தால் போதும். கட்டளையோடு பெரிய எழுத்து "பி"யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் கரண்டு போய் மெஷின் திரும்ப ஏறும்போது பழைய நிலைக்குப் போய்விடும். எங்கள் ஊர் மழைக்கு அது அன்றைக்கே கூட நடக்கும்.

எஸ்இலினக்ஸையே மொத்தமாக அணைத்துவிடு என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஒரு நிமிடம் தளர்த்திப் பார்த்து, காரணம் அதுதானா என்று தெரிந்துகொள்வது வேறு. அப்படியே விட்டுவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போவது எனக்குச் சரிப்படவில்லை. தோட்டக்காரர்களின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறது.

சுவிட்ச் போட்டதும் லாக்கில் முதல் முறையாக ஒரு வரி விழுந்தது. லாகின் நிராகரிக்கப்பட்டதாம். எனக்கு அது நல்ல செய்தி; கதவு வரைக்கும் வந்தாயிற்று. ராபிட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம். ஸ்கிரிப்டுக்குத் திருப்பி அனுப்பும் பிழையில் அது விவரம் சொல்லாது, வெளியாளிடம் எதற்குச் சொல்லவேண்டும்? ஆனால் "விவரத்துக்கு ப்ரோக்கரின் லாக்கைப் பார்" (ப்ரோக்கர் என்றால் ராபிட்தான்) என்று அந்தப் பிழையிலேயே எழுதி அனுப்புகிறது. லாக்கில் போய்ப் பார்த்தால் எந்த யூசர், என்ன காரணம் என்று இருக்கிறது. இத்தனை மரியாதையாகப் பேசும் மென்பொருள்கள் குறைவு.

காரணம், பாஸ்வேர்ட் காலியாகப் போயிருந்தது. பழைய ஆள் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்கு வெளியே, சிஸ்டம் எடுத்துக் கொடுக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்திருந்தார். டெர்மினலில் அது இருக்கும். பிஎச்பி-எஃப்பிஎம் தன் வேலையாட்களைக் கிளப்பும்போது அந்த வேரியபிள்களைத் துடைத்துவிட்டுத்தான் கிளப்பும். நாமாகப் போய் மாற்றாதவரை அதுதான் வழக்கம். பிஎச்பி-எஃப்பிஎம்மின் அமைப்புகள் இருக்கும் பூல் ஃபைலில் அந்த ஒரு வேரியபிளை மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இதில் ராபிட்டின் தப்பு எதுவுமில்லை, முதல் சிக்கலிலும் இல்லை. ஆனால் இணையத்தில் ராபிட்டைத் திட்டி எழுதுபவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கிறார்கள் என்பது என் ஊகம்.

அப்புறம் வேலைகள் கூடின. ராபிட்டைப் பின்னறையில் இருந்த இன்னொரு மெஷினுக்கு மாற்றினோம். அங்கே ஃபயர்வாலில் 5672-ஐத் திறக்கும்வரை "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று வந்தது. வழியே இல்லை என்கிற மாதிரி தொனி. கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்காதீர்கள். கேபிள் நன்றாகத்தான் இருக்கும், அந்தப் பக்கத்து ஃபயர்வால் மறுப்புச் சொல்கிற விதம் அது. அதேபோல் கெஸ்ட் என்று கூடவே வரும் யூசரை வைத்துக்கொண்டு வேறு மெஷினிலிருந்து உள்ளே போக முடியாது. 2014-இல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து அந்த யூசர் அதே மெஷினுக்குள் மட்டும்தான். நல்ல முடிவு. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டும் கெஸ்ட்டே, அதைத் திறந்துவிட்டால் ஊரே உள்ளே வரும்.

புது யூசர் போட்டபோதுதான் நிஜமாகவே ராபிட்டின் பேரில் எனக்குக் கோபம் வந்தது.

யூசரை உருவாக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு விஹோஸ்ட்டிலும் (ராபிட்டுக்குள் பிரித்த தனி அறை) அவருக்கு மூன்று அனுமதிகள் தரவேண்டும். உருவாக்க, எழுத, படிக்க. மூன்றும் பெயர்களைப் பிடிக்கும் ரெஜெக்ஸ், அதாவது பெயர் எப்படி இருக்கலாம் என்று சொல்லும் மாதிரி. வெப் ஸ்கிரிப்டுக்கு எழுத மட்டும் கொடுத்தால் போதும் என்று எல்லோருக்கும் தோன்றும், சரியும் கூட. எதில் எழுத? "ரசீது" என்ற வரிசையில் போடுவதால் அந்த வரிசையின் பெயரைக் கொடுக்கலாம் என்றுதான் நினைப்போம். ஆனால் இந்த ஏற்பாட்டில் யாரும் வரிசையில் நேராக எழுதுவதில்லை. எக்ஸ்சேஞ்சில் எழுதுகிறோம், அது வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. பெயர் சொல்லாமல் எழுதினால் பெயரில்லாத இயல்பு எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். அனுமதி பார்க்கும்போது மட்டும் அதற்கு ஏஎம்க்யூ.டிஃபால்ட் என்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது. அந்தப் பெயரை எழுதும் அனுமதியில் சேர்க்காவிட்டால் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை, விழும். ஆவணத்தில் இது இருக்கிறது, ஒரு மூலையில், ஒரே ஒரு வாக்கியமாக.

அதைவிட மோசம், அந்த 403 என் ஸ்கிரிப்டுக்குத் தெரியவே இல்லை. செய்தி போடும் கட்டளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது. போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மறுப்பு கொஞ்சம் கழித்து வரும், சேனலை (இணைப்புக்குள் ஓடும் பேச்சு வழி) மூடும். நாள் முழுக்க ஓடும் புரோகிராமாக இருந்தால் அது காதில் விழுந்துவிடும். வெப் பக்கமோ போட்ட கையோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறது. மறுப்பு வரும்போது கேட்க ஆளே இல்லை. அக்காவின் திரையில் எல்லாம் நன்றாக நடந்ததாகவே இருக்கும். வரிசைப் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் இதே கதைதான்: போய்ச் சேர இடமில்லாத செய்தியை ராபிட் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

மருந்து உண்டு. சேனலைத் திறந்ததும் உறுதிப்படுத்தும் முறைக்கு மாற்றச் சொல்லி, செய்தி போட்டபின் பதில் வரும்வரை ஸ்கிரிப்டை நிற்கவைக்க வேண்டும். அதோடு மேண்டேட்டரி என்ற கொடியையும் போட்டால் இடமில்லாத செய்தி திரும்பி வரும். வரிசையை நீடிக்கும் வரிசையாகவும் செய்தியை வட்டில் எழுதும் வகையாகவும் வைத்தால் கரண்டு போனாலும் பிழைக்கும். எங்கள் உள் நெட்வொர்க்கில் இந்தக் காத்திருப்பை அக்கா கவனித்ததே இல்லை. இத்தனையும் இருக்கிறது, ஆனால் எதுவும் தானாக ஆன் ஆகி வராது. பணம் சம்பந்தப்பட்ட செய்தியை அனுப்புகிறவனுக்கு இது இயல்பாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வேகம்தான் முக்கியம் என்று நினைப்பவர்கள் அணைத்துக்கொள்ளட்டுமே. ஐந்தில் ஒரு நட்சத்திரத்தை இதற்காகவே குறைக்கிறேன்.

மற்றபடி நிர்வாகப் பக்கம் அருமை. 15672 போர்ட்டில் திறந்தால் ஒவ்வொரு வரிசையிலும் காத்திருப்பது எத்தனை, எடுத்துக்கொண்டு போய் இன்னும் முடிக்காதது எத்தனை என்று எண்ணாகவும் கோடாகவும் தெரியும். பார்க்க மட்டும் முடிகிற ஒரு யூசரை அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் போன் வந்தால், "இன்வாய்ஸ் லைன்ல நாப்பது நிக்குது, மத்த ரெண்டும் சைபர்" என்று அவரே சொல்லிவிடுகிறார். ஈப்போ பக்கம் தகராறா, வரி இலாகா பக்கமா, எங்கள் லைனா என்று அதிலேயே பாதி புரிந்துவிடும். தவுக்கேவும் எட்டிப் பார்ப்பார். கோடு மேலே போனால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். அதை நான் திருத்தப் போகவில்லை.

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு. வட்டில் மிச்ச இடம் ஓர் அளவுக்குக் கீழே போனால், அமைப்பை நாம் தொடாதவரை அது 50 மெகாபைட், ராபிட் புதுச் செய்தி வாங்குவதை நிறுத்திவிடும். பிழை சொல்லி நிறுத்தினால் பரவாயில்லை. அனுப்புகிறவரை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிரவுசரில் பக்கம் சுற்றும், நெட்வொர்க்கில் கோளாறு போலவே இருக்கும். 50 மெகாபைட் என்பது இந்தக் காலத்தில் விளையாட்டு எண். அதை ஜிகாபைட் கணக்கில் மாற்றி, அந்த அளவைத் தொடுவதற்கு முன்பே எனக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன்.

மெஷினின் பெயரை மாற்றிவிடாதீர்கள். ராபிட் தன் சரக்கை வைக்கும் ஃபோல்டருக்கு மெஷினின் பெயரையும் சேர்த்துத்தான் பெயர் வைக்கும். பெயர் மாறினால் புது ஃபோல்டர் திறந்து, யூசரும் இல்லாமல் வரிசையும் இல்லாமல் பளிச்சென்று எழுந்து நிற்கும். பழைய சரக்கு வட்டில் பத்திரமாகத்தான் இருக்கும், அதைப் பார்க்காது, அவ்வளவுதான். எர்லாங்கும் இப்படித்தான், எந்த ராபிட்டுக்கு எந்த எர்லாங் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் சிஸ்டம் அப்டேட் அடித்தால் சேவை எழுந்திருக்காமல் போகலாம். நான் எர்லாங்கை அப்டேட்டிலிருந்து விலக்கிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இது எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. ஒரே மெஷின், ஒரே ஸ்கிரிப்ட், காலையில் பத்து ரசீது என்றால் டேட்டாபேஸில் ஒரு டேபிள் போட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை கிரானில் எடுத்து அனுப்புங்கள். இந்த ஊர்க் கோயில் ஒன்றின் அர்ச்சனை ரசீதுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன், ஓடிக்கொண்டிருக்கிறது. எடையும் செய்தியும் ஒரே பரிவர்த்தனையில் பதிவாகும் என்பது அதில் கூடுதல் லாபம். ராபிட்டில் எடை பதிவாகிச் செய்தி விடுபடும் வாய்ப்பை நாம்தான் தனியாகக் கவனிக்கவேண்டும். ஆனால் மூன்று நான்கு இடங்களுக்கு, வெவ்வேறு வேகத்தில், ஒன்று நின்றாலும் மற்றது நிற்காமல் அனுப்பவேண்டும் என்ற நிலை வந்தால் ராபிட் தன் சாப்பாட்டுக்கு மேலேயே உழைக்கிறது. எங்கள் பின்னறை மெஷின் ஒன்றும் பெரிய மெஷின் இல்லை, அதிலேயே அலுங்காமல் ஓடுகிறது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. புதிதாகப் போடுபவர்கள் நேராக 4-ஆம் பதிப்பையே போடுங்கள். எங்களைப் போல 3.13-இல் இருப்பவர்கள் ஏறுவதற்கு முன் ஃபீச்சர் ஃபிளாக் (புது வசதிகளுக்கான சுவிட்ச்) எல்லாவற்றையும் ஆன் செய்துவிட வேண்டும், விட்டுவிட்டால் புதுப் பதிப்பு எழுந்திருக்காது. நான் அதைத் தீபாவளிக்கு வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எடைமேடைக்கு லீவு.